கூம்பை வைத்தவள்

மாக்டெபுர்க் நகரத்து இளைஞர் விடுதியில் நான்கு பேர் படுக்கும் அறை. ஜன்னலோர மேல்கட்டில் தனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள் ஹைட்ரூன். அவளுக்கு அறுபத்தாறு வயது. காலையில் அவள் கட்டில் ஏணியில் இறங்கியபோது, எதிரே படுத்திருந்த டென்மார்க் கல்லூரிப் பெண்கள் இருவரும் பதறி எழுந்து உட்கார்ந்தார்கள்.

"பயப்படாதீங்க, விழமாட்டா," என்றாள் கீழ்க்கட்டிலில் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் தங்கை ட்ராவ்டெல். "எங்கக்கா முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டினவ. தரையில நடக்கத்தான் அவளுக்கு வராது."

"வாயை மூடிக்கிட்டுக் கிளம்புடி."

ட்ராவ்டெல் நான்கு வயது இளையவள். தபால் நிலையக் கவுண்டரில் காலம் கழித்தவள் என்பதால் எதிரே யார் நின்றாலும் பேச்சுக் கொடுத்துவிடுவாள். ஹைட்ரூன் அதற்கு நேர்மாறு. வாரக் கடைசியில் வேலைத்தளத்திலிருந்து ஊருக்கு வந்தால், வாரம் எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு "காத்து ஜாஸ்தி" அல்லது "காத்து இல்ல" என்று பதில் சொல்வாள். அதோடு சரி. தங்கையும் ஓய்வு பெற்ற பிறகு, ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, மெதுவாகப் போகிற ரயில்களாகப் பார்த்து ஏறி ஊர் ஊராகச் சுற்றுவது என்று இரண்டு பேரும் கிளம்பியிருந்தார்கள். இது மூன்றாவது ஊர்.

"நீ ரெண்டு வருஷம் வேலை பாத்த ஊரு. இன்னைக்கு நீதான் சுத்திக் காட்டணும்," என்றாள் ட்ராவ்டெல், தெருவில் இறங்கியதும்.

"எனக்கு என்ன தெரியும்? இந்த ஊரோட கூரைங்க தெரியும். தெரு எதுவும் தெரியாது."

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அந்த இரண்டு வருடமும் வேலைத்தளத்தின் வேலியோரம் போட்டிருந்த தகரக் கூண்டில்தான் படுக்கை. விடியும்போது மேலே ஏறினால் இருட்டும்போது இறங்குவாள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவாள். எண்பது மீட்டர் உயரத்திலிருந்து பார்த்த நகரத்தின் கடைகள், பெஞ்சுகள், கதவுகள் எதையும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

எல்பே ஆற்றங்கரையோடு நடந்து பேராலயத்துக்குப் போனார்கள். வடக்கு வாசலில் பைபிள் கதையில் வரும் பத்துக் கன்னியரின் சிலைகள். விளக்கில் எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேர் வாய் நிறையச் சிரிக்கிறார்கள். மறந்துபோன ஐந்து பேர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அழுகிறவளைப் போல ட்ராவ்டெல் முகத்தைக் கோணிக் காட்ட, ஹைட்ரூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்து, இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு எனக் குதிரைகள் இழுத்தும் பிரிக்க முடியாத, உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த இரண்டு உலோக அரைக்கோளங்களின் சிலைக்குப் போனார்கள். மத்தியானம் சந்தைப் பக்கம் ஒரு கடையில் பன்றிக்கால் கறியும் பட்டாணி மசியலும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிட்டார்கள். 'களிமண்ணும் வைக்கோலும்' என்று உள்ளூரில் அதற்குப் பெயர்.

"மண்ணு வைக்கோலுன்னு பேரு வச்சுட்டு எவ்வளவு ருசியாப் பண்றாங்க பாரேன்," என்று ட்ராவ்டெல் தட்டை வழித்தாள்.

ஹைட்ரூன் ஜன்னல் வழியே ஒரு பச்சைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரையில ஒரு ஓட்டை இருந்துச்சு. அடைச்சுட்டாங்க," என்றாள்.

மூன்று மணிக்கு நடைச்சுற்றுலா. சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி வெங்கெ என்ற பெண் வழி காட்டினாள். பன்னிரண்டு பேர் பின்னால் போனார்கள். அவர்களில் ஹானோவரிலிருந்து வந்த ரேபைன் என்ற பெரியவர், வெங்கெ எதைச் சொன்னாலும் அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி நிறுத்தம் அன்னா தேவாலயம். சதுக்கத்தின் நடுவே மண்நிறக் கல்லில் கோபுரம். அதன் உச்சியில் செம்புத் தகடு போர்த்திய கூம்பு.

தெரு திரும்பி அது கண்ணில் பட்டதுமே ஹைட்ரூனின் நடை தளர்ந்தது. முதுகுப்பையின் வார்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போர்ல குண்டு விழுந்து இதோட தலை போயிடுச்சு," என்று ஆரம்பித்தாள் வெங்கெ. "அம்பத்தெட்டு வருஷம் மொட்டையா நின்னுது. 2003 செப்டம்பர்ல புதுக் கூம்பு தயாராச்சு. அத மேல ஏத்தணும். மூணு நாளாக் காத்து விடல. ஊரே வந்து இந்தச் சதுக்கத்துல காத்துக் கிடந்துச்சு, நாலாயிரம் பேரு. நாலாம் நாள் காலையில காத்து அடங்கிச்சு. கிரேன்காரர் பன்னெண்டு டன் கூம்பத் தூக்கி, ஒரே தடவையில கச்சிதமா உக்கார வச்சாரு. ஜனம் கைதட்டிச்சு. அவரு இறங்கி வந்து எல்லாரோடயும் சேந்து பீர் குடிச்சாராம். பாவம், அவரு பேரு யாருக்கும் தெரியாது."

"பதினோரு டன்," என்றாள் ஹைட்ரூன்.

அவள் குரல் அந்தக் கூட்டத்தில் முதல் தடவையாகக் கேட்டது. வெங்கெ திரும்பினாள். "என்னம்மா?"

"பதினோரு டன்னு. பன்னெண்டு இல்ல. பீரும் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் தூக்கினேன்."

ட்ராவ்டெல் வாயைப் பிளந்தபடி நின்றாள். தொண்டையைச் செருமினார் ரேபைன். "அம்மா, நீங்க கிரேன்காரருக்குக் காபி கொண்டுபோய்க் குடுத்திருப்பீங்க. இத்தனை வருஷத்துல எல்லாம் கலந்துபோகும்," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"யோவ்!" என்று ட்ராவ்டெல் பாய்ந்தாள். ஹைட்ரூன் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"காபி எனக்கு நானே ஃபிளாஸ்க்ல எடுத்துட்டுப் போவேன்," என்றாள் அமைதியாக. "எண்பது மீட்டர் ஏணி. கொண்டுவந்து குடுக்க எவனும் ஏறமாட்டான்."

இப்போது சிரித்தவர்கள் நிறையப் பேர். ரேபைன் விடவில்லை. "சரி, நான் முப்பது வருஷம் பாலம் கட்டின இன்ஜினியர். ஒண்ணு கேக்குறேன். கூம்ப மேலேர்ந்து இறக்குறப்போ அதோட அடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே. கூம்பே மறைச்சிருக்குமே. எப்படி உக்கார வச்சீங்க?"

ஹைட்ரூன் அவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரியல," என்றாள். "மேலேர்ந்து பாத்தா விரிச்ச குடை மாதிரிதான் தெரியும். கீழ எட்டு போல்ட்டு நட்டு வச்சிருந்தாங்க. கூம்போட அடி வளையத்துல எட்டு ஓட்டை. ரெண்டுக்கும் நடுவுல விரல்கடை இடம். குனோன்னு ஒருத்தன் கோபுரத்து மேல படுத்துக்கிட்டு வாக்கி-டாக்கியில சொல்லுவான். இருபது சென்டிமீட்டர், பத்து, நாலு, நில்லுன்னு. அவன் குரலத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன். அவன் நில்லுன்னப்போ ஆத்துப் பக்கத்துலேர்ந்து மறுபடி காத்து கிளம்பிச்சு. தூக்கிடவா, இறக்கிடவான்னு யோசிக்கவே நேரம் இல்ல. கூம்பு லேசா ஆடும். ஆட்டத்துக்கு ஒரு தாளம் இருக்கும். அது இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், நடுவுல வர்ற நேரம் பாத்து விட்டேன். எட்டும் ஒண்ணா உக்காந்துச்சு."

"அப்புறம்?" என்றார் ரேபைன். குரலில் கேலி போயிருந்தது.

"அப்புறம் காத்து ஏறிடுச்சு. போல்ட்டு முழுக்க முடுக்குற வரைக்கும் கயித்த நான் இழுத்துப் பிடிச்சிருக்கணும். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். கைதட்டுச் சத்தம் மேல கேக்கல. இறங்கி வந்தப்போ சதுக்கத்துல குப்பை கூட்டிக்கிட்டிருந்தாங்க."

ரேபைன் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்க. என் பாலங்களுக்கு உங்கள மாதிரி ஒரு ஆள் கிடைச்சிருந்தா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன்," என்றார்.

வெங்கெயின் முகம் அவள் குடையை விடச் சிவந்திருந்தது. "ஆறு வருஷமா 'அவரு, அவரு'ன்னு சொல்லிட்டேம்மா. உங்க பேரு?"

"ஹைட்ரூன் பெட்ஸோல்ட்."

வெங்கெ அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, கோபுரத்தின் மேல் மாடம் வரைக்கும் ஏறலாம், இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் என்றாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு படி. இருநூறாவது படியில் ட்ராவ்டெல் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஏங்க்கா," என்றாள் மூச்சு வாங்க, "எனக்குக்கூட ஏன் சொல்லல? அந்த வாரம் நீ வீட்டுக்கு வந்தே. நான் கேட்டேன். 'காத்து ஜாஸ்தி'ன்னே."

"ஜாஸ்தியாத்தானே இருந்துச்சு."

"உன்னைக் கொல்லணும்டி அக்கா!" ட்ராவ்டெல் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "கவுண்டர்ல வந்த ஒவ்வொரு ஆள்கிட்டயும் சொல்லியிருப்பேனே. தபால்தலை வாங்க வந்தவன் பூரா கேட்டுட்டுத்தான் போயிருப்பான்."

"அதுக்குத்தான் சொல்லல," என்று சொல்லிவிட்டு ஹைட்ரூன் ஏறினாள். கொஞ்சம் மேலே போனதும் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "பேப்பர்ல மேஸ்திரி போட்டோ வந்துச்சு. அதுக்கப்புறம் நான் சொன்னா பொறாமைல பேசுற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

மாடத்தில் காற்று வீசியது. கீழே ஆறு, பாலங்கள், மஞ்சளும் பச்சையுமாக டிராம். ஹைட்ரூன் எதையும் பார்க்கவில்லை. முதுகுப்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். கல் முடிந்து கூம்பு தொடங்குகிற இடத்தில், தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில், எஃகு வளையம் ஓடியது. போல்ட்டுகளின் தலையில் சாம்பல் வண்ணம் அடித்திருந்தார்கள்.

முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ சுவர், உத்தரம், கூரை தூக்கியிருக்கிறாள். எதையும் தொட்டதில்லை. கொக்கி தொடும், கயிறு தொடும், கீழே நிற்பவர்கள் தொடுவார்கள். அவள் கை கண்டதெல்லாம் இரண்டு கைப்பிடிகள். அவள் குதிகாலை உயர்த்தி உள்ளங்கையை வளையத்தின் மேல் வைத்தாள். வெயில் பட்டு இளஞ்சூடாக இருந்தது. ஒரு போல்ட்டிலிருந்து அடுத்ததற்கு, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கோபுரத்தைச் சுற்றி வந்தாள். எட்டும் இருந்தன. எங்கும் ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

"நல்லா உக்காந்திருக்கு," என்றாள்.

ட்ராவ்டெல் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் இறங்கி வந்தபோது ஐந்து மணிச் சுற்றுலாவின் கூட்டம் சதுக்கத்தில் சேர்ந்திருந்தது. வெங்கெ ஓடி வந்து, இவர்களுக்கு நீங்களே சொல்ல முடியுமா என்று கெஞ்சினாள். "எனக்குப் பேச வராதும்மா," என்று ஹைட்ரூன் பின்வாங்கினாள். அந்த நேரத்துக்குள் ட்ராவ்டெல் கூட்டத்தின் நடுவே போய் நின்றுவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க! எங்கக்கா ஒத்தைக் கையால, புயல் அடிக்கறப்போ, இருபது டன் கூம்ப, நூறு போல்ட்டுல..."

"நிறுத்துடி!" ஹைட்ரூன் விறுவிறுவென்று நடந்து போய்த் தங்கையை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றாள். "பதினோரு டன். எட்டு போல்ட்டு. புயல் இல்ல, காத்து," என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. குனோவின் குரலை, கூம்பின் ஆட்டத்தை, விட்ட அந்த ஒரு நொடியைச் சொன்னாள். கையால் காற்றில் கைப்பிடியை மெல்ல இறக்கிக் காட்டினாள். அவள் கை தாழத் தாழ, முப்பது பேரின் தலையும் தாழ்ந்தது.

நாய்க்குட்டியோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "பயமா இல்லையா உங்களுக்கு?"

"கீழ நின்னவங்களுக்குப் பயமா இருந்திருக்கும். எனக்கு வேலை இருந்துச்சு."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும். சத்தம் நான்கு பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பியது. ஹைட்ரூன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நிமிர்ந்து நின்று, ஓயும் வரைக்கும் கேட்டாள்.

"நாளைக்கு எட்டே கால் ரயில்ல கிளம்பணுமில்ல?" என்றாள் ட்ராவ்டெல், விடுதிக்குத் திரும்பும் வழியில்.

"மத்தியானம் போலாம்," என்றாள் ஹைட்ரூன். "காலையில பத்து மணிக்கு ஒரு சுற்றுலா இருக்காம். வெங்கெகிட்ட வர்றேன்னு சொல்லியிருக்கேன்."