பேராசிரியை பேசாமலிருந்த மத்தியானம்

"அந்த இயக்குநரை ஒரே ஒரு கேள்வி கேட்டேன் அண்ணி. அப்புறம் நான் வாயையே திறக்கல. நாற்காலியோட கவுத்துட்டு வந்திருக்கேன்" என்றபடி பேராசிரியை செருப்பை மூலைக்கொன்றாக உதறினார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. "கேட்டிருப்ப. கவுத்தும் இருப்ப. வாயைத் திறக்கலன்னு சொல்ற பாரு, அதை வேற வீட்ல போய்ச் சொல்லு."

சந்தேகம் நியாயமானதுதான். சமூகவியல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற இந்த அம்மாளின் நாக்கு தூக்கத்தில்கூட வகுப்பெடுக்கும். பல் பிடுங்கப் போனபோது, வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டே பல் டாக்டரின் மாமியார் சண்டை முழுவதையும் கேட்டு வாங்கியவர்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஆலைக் குடியிருப்பில் மட்டும் மக்கள் ஏன் இத்தனை சீக்கிரம் சாகிறார்கள், ஏன் இத்தனை பேர் தாங்களே உயிரை விடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வீடு வீடாக ஏறி இறங்கிக் கண்ட பதில் எளிமையானது. அங்கே சாயங்காலம் திறந்திருக்கும் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்கள் மனதிலிருப்பதையும் நர்ஸிடம் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த விளக்கு எரிந்தவரை சாவு குறைந்துகொண்டே வந்தது. நர்ஸ் வேறு யாருமில்லை, அண்ணிதான்.

சுகாதார இயக்குநர் அதை இழுத்து மூடினார். சாவு கூடியது. மருந்துக்கடைப் பூட்டுகள் உடைந்தன. கல்லாப்பெட்டி அப்படியே இருக்க, மாத்திரைகள் மட்டும் காணாமல் போயின. திருட்டுக் கூட்டம் என்று அந்தக் குடியிருப்புக்குப் பெயர் வந்தது. ஏன் மூடினீர்கள் என்றவர்களிடமெல்லாம், நர்ஸ் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை என்றார் இயக்குநர். அண்ணிக்கு வேலை போயிற்று. அதைவிடக் கொடுமை, உடன்பிறப்பு மாதிரி இருந்த தையல்காரி, புருஷன் உயிரை விட்ட பிறகு, அந்தப் பேச்சை நம்பி, அண்ணியைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். அண்ணி வாசலுக்கு வருவதையே நிறுத்தினாள்.

அன்றைக்கே பேராசிரியை கறுவிக்கொண்டார். உண்மையை நான் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்த ஆள் வாயாலேயே, அந்த மக்கள் காதில் விழ வேண்டும்.

காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. இயக்குநருக்குப் பாராட்டு விழா; புதிய கட்டடத்துக்கு அவர் பெயர்; மேடையில் ஒரு உரையாடல். கேள்வி கேட்க இந்த அம்மாளே போதும், பாவம், வயசான ஜீவன் என்று அவரே தேர்ந்தெடுத்தாராம். முதல் வரிசையில் தையல்காரியையும் அக்கம்பக்கத்தாரையும், "என் சொந்தக்காரங்க" என்று சொல்லி உட்காரவைத்தார் பேராசிரியை.

மருத்துவமனையை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார். நர்ஸ் சரியில்லை என்றார் இயக்குநர்.

இங்கேதான் தொழில் ரகசியம். சாவு விழுந்த வீட்டில் கேள்விமேல் கேள்வி அடுக்கினால் ஒன்றும் வராது. பதில் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் பாக்கி இருக்கிறது என்பதுபோல முகத்தையே பார்க்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்காமல் எதிரிலிருப்பவர் உண்மையை எடுத்துப் போடுவார். ஒரு வீட்டுப் படியும் ஏறாத இயக்குநருக்கு இது எங்கே தெரியும்?

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். பார்த்தார்.

இயக்குநர் தண்ணீர் குடித்தார். கூட்டமும் குறைவு என்றார். பார்வை நகரவில்லை. அந்த ஜனங்க குணமே அப்படி, எதைத் திறந்து வைத்தாலும் சாகிறவர்கள் சாவார்கள் என்றார். முதல் வரிசை அசைந்தது. பேராசிரியையின் நாக்கு பல்லுக்குப் பின்னால் கூண்டுப்புலியாக உலாவியது, இருந்தும் பார்த்தார். மனுஷனுக்கு வழிந்த வியர்வையில் மேடையே மிதந்தது என்பது பேராசிரியையின் கணக்கு.

கடைசியில் கெஞ்சுகிற குரலில் வந்தது: "அந்த நர்ஸ் என் ரூமுக்கே வந்து அழுதுச்சு. மூடாதீங்க, உயிர் போகும்னு சொல்லுச்சு. மேலிடத்துல செலவைக் குறைன்னாங்க, நான் என்ன பண்றது? யார் மேலயாவது போடணும்ல?"

மைக் அதை ஒரு எழுத்து சிந்தாமல் எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையின் திரையை விலக்க அப்புறம் ஒரு கையும் நீளவில்லை. மாலையைத் தானே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தார் இயக்குநர். அந்த நடையைப் பேராசிரியை வீட்டுக் கூடத்தில் மூன்றாவது முறையாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது.

தையல்காரி. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்னப்ப நான் நம்பல அக்கா. இன்னைக்கு அவனே சொல்லிட்டான்."

அண்ணி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். பிறகு அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரைக் கண்ணால் காட்டி, "இவ நிஜமாவே வாயைத் திறக்கலியா?" என்று கேட்டாள்.

"மூச்சுகூட விடல அக்கா."

அண்ணி பேராசிரியையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப சரி," என்றாள். "நடந்துதான் இருக்கு."