ஜவுபரின் பயானும் றஹீமாவின் தொதலும்

றஹீமா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முனாஸின் ஓட்டோ தெருமுனையில் திரும்பியது. நிந்தவூரில் சாவுச் செய்தியிலிருந்து மலிவு விற்பனை வரை எல்லாவற்றையும் அறிவிப்பது அவனுடைய ஒலிபெருக்கிதான். அன்று காலை அது சொன்னதைக் கேட்டு, பிழிந்த சாரனை அவள் திரும்பவும் வாளிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"இன்று அசறுத் தொழுகையைத் தொடர்ந்து வாசிகசாலை முற்றத்திலே மாபெரும் மார்க்கச் சொற்பொழிவு! உரை நிகழ்த்துபவர் அல்ஹாஜ் ஜவுபர் அவர்கள்! பெண்களுக்குத் தனியான இடவசதி உண்டு!"

அல்ஹாஜ் என்பது முனாஸ் தன் கைச்சரக்காகச் சேர்த்துக்கொண்டது. கல்முனை டிப்போவில் பஸ் கண்டக்டராக இருக்கும் றஹீமாவின் புருஷன் எப்போது ஹஜ்ஜுக்குப் போனார்? அது கிடக்கட்டும். மற்றது உண்மைதானே? றஹீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதரின் வாயில் ஒரே கதைதான். முதலாளி, தொழிலாளி, உபரி மதிப்பு. அக்கரைப்பற்றில் அவருடைய பஸ்ஸில் ஏறினால் கல்முனையில் இறங்குவதற்குள் பாதிப் புரட்சி நடந்து முடிந்திருக்கும். ஜும்ஆவுக்குப் போவார், நோன்பு பிடிப்பார், அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனாலும் ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சிவப்பு ஜவுபர்'. பக்கத்து வீட்டு சுல்பிகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்:

"என்னகா, உங்கட மனிசன் எப்பகா மார்க்கத்துப் பக்கம் திரும்புற?"

அந்தக் கேள்விக்கு இன்றுதான் பதில் கிடைத்திருக்கிறது. அதுவும் ஒலிபெருக்கியில்.

பயான், அதாவது மார்க்கப் பேச்சு என்றால் நார்சா வேண்டும். கூட்டம் கலையும்போது வந்தவர் கையில் ஏதாவது தின்பண்டம் கொடுத்து அனுப்பாவிட்டால் அது என்ன பயான்? ஜவுபர் அதைப் பற்றி மூச்சுக்கூட விடாமல் வேலைக்குப் போயிருந்தார். ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கும்! றஹீமா பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றினாள். அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை. தொதலும் அல்வா மாதிரித்தான், கிண்டுவது விளையாட்டல்ல, கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். தோள்மூட்டு கழன்று விழும்போல் இருந்தது. சுல்பிகா உதவிக்கு வந்தபோதும், "வேணாங்கா, இது எண்ட சந்தோசம்" என்று அனுப்பிவிட்டாள்.

பின்னேரம், அசறுக்குப் பிறகு வாசிகசாலை முற்றம் நிறைந்து வழிந்தது. பள்ளிவாசல் தலைவர் ஷரிபுதீன் ஹாஜியார் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் றஹீமா. அவளுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய தொதல் தட்டுகள்.

வேலை உடுப்போடு பஸ்ஸிலிருந்து நேராக வந்து இறங்கிய ஜவுபர், கூட்டத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வருடா வருடம் மே மாதத்தில் அவர் வைக்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒருவர் வாசிகசாலையைப் பூட்டுவதற்காக நிற்பவர். ஹாஜியார் எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! கடைசியில வந்து சேந்துட்டீங்க தம்பி!"

ஜவுபர் சுற்றுமுற்றும் பார்த்தார். றஹீமாவைக் கண்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். மைக்கைப் பிடித்தார்.

"ஒரு பிழ நடந்துட்டு" என்றார். "நான் பஸ்ஸில நிண்டு ஃபோன்ல சொன்னது மார்க்ஸ் சொற்பொழிவு எண்டு. இரைச்சல்ல முனாஸ்ட காதுக்கு மார்க்கச் சொற்பொழிவு எண்டு கேட்டிரிக்கி. இது கார்ல் மார்க்ஸ்ட பொறந்தநாள் கூட்டம். ஹஜ்ஜுக்கும் நான் போகல்ல. மன்னிச்சிக்கங்க. போறவங்க போகலாம்."

றஹீமாவுக்குக் காதெல்லாம் சுட்டது. சுல்பிகாவின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. சும்மா நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சமாளித்திருக்கலாமே இந்த மனிதர்? ஊரே நம்பியிருக்குமே? அப்படி நினைக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது, அந்த மனிதருக்கு அது வராது. வந்திருந்தால் அவளுக்கு அவரைப் பிடித்தும் இருக்காது.

அதற்குள் சனம் எழும்பத் தொடங்கிவிட்டது. செருப்புத் தேடும் சத்தம். ஹாஜியாரும் கைத்தடியை எடுத்துவிட்டார். றஹீமா தொதல் தட்டுகளைப் பார்த்தாள். இவ்வளவும் எறும்புக்கா?

அவள் எழும்பி நின்றாள்.

"ஆரும் போக வேணாம்! நார்சா இரிக்கி. தொதல். கூட்டம் முடிஞ்சாத்தான் தருவன்!"

"தொதலா?" என்றார் ஹாஜியார். கைத்தடி பழைய இடத்துக்குப் போனது. அவர் உட்கார்ந்ததும் ஊரும் உட்கார்ந்தது.

நார்சா இருப்பது ஜவுபருக்கே அப்போதுதான் தெரியும். தட்டுகளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நார்சாவப் பாருங்க. ஹாஜியாருக்கும் ஒரு துண்டு, அவர்ர வயல்ல வேலை செய்றவருக்கும் ஒரு துண்டு. ஊட்டில புள்ளகள் கூடவெண்டா இன்னும் ரெண்டு கேட்டு வாங்குவம். அதுல ஆருக்கும் வெக்கமில்ல. ஏலுமானவன் கிண்டுறான், தேவையானவனுக்குக் கெடைக்கிது. மார்க்ஸ் கேட்டது இவ்வளவுதான். நார்சாவுல செய்யிறத வயல்ல ஏன் செய்ய ஏலா?"

சனம் கைதட்டிச் சிரித்தது. ஹாஜியாரும் சிரித்தார். யாருடைய வயல் என்பது நினைவுக்கு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஜவுபர் மார்க்ஸின் கதையைச் சொன்னார். குளிர்காலக் கோட்டை அடகு வைத்துவிட்டு வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் கிடந்ததை, கோழி கிளறியது போன்ற கையெழுத்தை, அதை மனைவி ஜென்னி உட்கார்ந்து உட்கார்ந்து அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்ததை. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. றஹீமாவுக்குப் பாதிதான் கேட்டது. அவள் பின்னால் போய் சுல்பிகாவோடு சேர்ந்து தொதல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மார்க்கமோ மார்க்ஸோ, உங்கட மனிசன் நல்லாத்தான்கா கதைக்கிறார்" என்றாள் சுல்பிகா, வாயில் ஒரு துண்டோடு.

மஃரிபுத் தொழுகை முடிந்து வந்த ஜவுபர் அடுப்படி வாசலில் தயங்கி நின்றார்.

"கோவமா?"

"பொய் சொல்லியிருந்தாக் கோவம் வந்திரிக்கும்" என்றாள் றஹீமா. "ஏலுமானவன் கிண்டுறான் எண்டு சொன்னீங்களே. கிண்டினது ஆரு?"

உலகத்துத் தொழிலாளர் எல்லோருக்காகவும் பேசியவர், தாச்சியையும் அவளையும் பார்த்தார்.

"நீதான்."

"அந்த ஜென்னிர கதையில பாதிதான் எனக்குக் கேட்டிச்சி. பஸ்ஸில ஏறினவன் இறங்கினவன் எல்லாருக்கும் சொல்றீங்க. எனக்கு ஒருநாளும் இருத்திவெச்சிச் சொல்லல்லியே."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை, அதனால்தான் ஜவுபருக்கு வலித்தது. அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தாச்சிக்கு முன்னால் குந்தினார். அடியில் ஒட்டிக் கிடந்த தொதலைச் சுரண்டிச் சுரண்டி மிச்சக் கதையைச் சொன்னார். றஹீமா கதிரையில் கால் நீட்டி இருந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஜென்னிக்கு ஆராச்சும் கூட்டம் வெச்சாங்களா?"

"தெரியா."

"அப்ப நீங்க வெய்யுங்க."

அடுத்த மாதம் ஜவுபர் பஸ்ஸிலிருந்து பேசவில்லை. வீட்டுக்குள் இருந்து, ஒவ்வொரு எழுத்தாக, முனாஸுக்குச் சொன்னார்: "ஜென்னி."

"வெளங்கிட்டு ஜவுபர் காக்கா. ஜன்னத்து! சொர்க்கத்தப் பத்தின பயான்!"

றஹீமா ஃபோனைப் பறித்துக்கொண்டாள்.

"ஜன்னத்து இல்ல தம்பி, ஜென்னி. அது ஒரு பொம்புள. நார்சாவும் இரிக்கி. இந்த முற தொதல் கிண்டுறது ஜவுபர் எண்டு நல்லாச் சத்தமாச் சொல்லு. நான் முன்னுக்கு இருந்து முழுசாக் கேக்கப் போறன்."