பெரிய திரையில் ஒரு குட்டித் தூக்கம்

கால்பந்து மைதானத்தின் பெரிய திரையில் கூட்டத்திலிருந்து யார் முகம் வரவேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவனுக்கு. கூரைக்கு அடியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை, எதிரே பத்துக் குட்டித் திரைகள், கைக்கு எட்டும் தூரத்தில் பத்துப் பொத்தான்கள், விளம்பரத்துக்குத் தனியாக ஒன்று. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஒன்றை அழுத்துவான். யாரோ ஒருவர் நாலு விநாடிக்கு நாற்பதாயிரம் பேருக்குத் தெரிந்தவராகிவிடுவார். அறையில் அவனுக்குக் கழுகு என்று பெயர். யாரும் ஆசையாக வைத்ததல்ல. "எனக்குக் கழுகுக் கண்ணு" என்று வாரத்துக்கு நாலு தடவை அவனே சொல்லிக்கொண்டிருக்க, கேட்டுச் சலித்துப்போன கேமராக்காரர்கள் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் இருந்த கிண்டல் மட்டும் கழுகுக் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்பது அவன் பெருமை. முதுகைக் காட்டி நிற்பவர் திரும்பினால் சிரிப்பாரா முறைப்பாரா என்று பந்தயம் கட்டுவான். ஜெயித்ததை மாதக்கணக்கில் சொல்லுவான். தோற்றது எதுவும் ஞாபகத்தில் நிற்காது.

மாமனார் அவனோடும் மனைவியோடும் வந்து தங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாமியார் தவறிப்போன பிறகு அவரைத் தனியாக விட மனைவிக்கு மனசு வரவில்லை. காலமெல்லாம் கதவும் ஜன்னலும் செய்த தச்சர். பேச்சையும் அளவெடுத்துத்தான் பேசுவார். காலையில் இவன் "வரேன் மாமா" என்பான், அவர் "போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்பார். திரும்பி வந்ததும் "சாப்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை". ஐந்து மாதமாக இந்த நாலு வாக்கியத்திலேயே உறவு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டத்துக்கு இரண்டு பாஸ் கிடைத்தது. "அப்பாவைக் கூட்டிட்டு வா. நான் என்ன வேலை பாக்குறேன்னு அவரும் பாக்கட்டும்" என்று மனைவியிடம் கொடுத்தான். மாமனார் அசந்துபோவார் என்று ஒரு நப்பாசை. எந்த வரிசை, எந்த இருக்கை என்று பாஸில் தெளிவாக அச்சடித்திருந்தது. கழுகு அதைப் படிக்கவில்லை.

அன்றைக்கு ஆட்டம் சவசவவென்று போனது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆட்டக்காரன் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட, பந்து நின்றது. பக்கத்து அறையிலிருந்து டைரக்டர் அம்மா ஹெட்போனில், "கூட்டத்தைக் குடு, ஏதாவது கலகலப்பா" என்றார். அவன் கண் ஏழாவது குட்டித் திரைக்குப் போனது. ஒரு பெரியவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, அப்படியொரு தூக்கம். பக்கத்து இருக்கை காலி. சுற்றிலும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், மனுஷர் அசையவில்லை.

"ஏழு, கிட்டப் போ. இன்னும். அந்த வாய் நல்லாத் தெரியணும்" என்றான் அந்தக் கேமராக்காரரிடம். அழுத்தினான்.

நாற்பதாயிரம் பேர் சிரித்த சிரிப்பில் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. "அப்படியே பிடி, மாத்தாத" என்றார் டைரக்டர் அம்மா. கழுகு நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். இப்படியொரு காட்சியை இந்த வருஷத்தில் எவனும் பிடித்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, திரையின் ஓரத்திலிருந்து ஒரு பெண் இரண்டு தண்ணீர் பாட்டிலோடு காட்சிக்குள் வந்தாள். காலி இருக்கையில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்தாள். எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேமரா எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, நேராக ஒரு பார்வை பார்த்தாள்.

அது அவனுக்குத் தெரிந்த பார்வை. பதினான்கு வருஷமாக அவனுக்கென்றே ஒதுக்கிவைத்த பார்வை.

அவசரத்தில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, திரையில் ஒரு ஷாம்பு விளம்பரம் ஓடியது. மைதானத்தின் சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஏழாவது குட்டித் திரையில் மாமனார் விழித்துவிட்டிருந்தார். பக்கத்தில் இன்னும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், மரியாதைக்குத் தானும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

"ஏன் கழுகு மாத்துன? நல்லாத்தானே போச்சு?" என்றார் டைரக்டர் அம்மா.

"அவரு என் மாமனார்" என்றான்.

 ஹெட்போனில் ஏழாம் கேமராக்காரர், "அது தெரியாமத்தான் கிட்டப் போகச் சொன்னியா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இடைவேளையில் ஓடினான். மனைவி படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தாள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மூன்று மாடி இறங்குவதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்திருந்தான்.

"அப்பா தூங்குனாரு, பாத்தீங்கல்ல" என்றாள். குரலில் கோபமே இல்லை.

"கண்ணாடி போடலையா, அதான் அடையாளம் தெரியாம…"

"அஞ்சு மாசமா அவரு தூங்கலங்க. டாக்டர் குடுத்த மாத்திரைக்கும் ஒண்ணும் ஆகல. இங்க வந்து பத்து நிமிஷம், கண்ணு சொக்கிருச்சு. மூச்சு விடக்கூட பயந்து மெதுவா எந்திரிச்சுப் போனேன். அதுக்குள்ள எழுப்பிட்டீங்க."

"தூங்கலையா? நீ சொல்லவே இல்லையே."

"அதைச் சொல்ல வேற செய்யணுமா? அவரு முகத்தைப் பாத்தாலே தெரியுமே."



மாமனாரிடம் போய் உட்கார்ந்தான். அவர் கண்ணுக்குக் கீழே, கட்டைவிரலால் அழுத்திவிட்ட மாதிரி கருவளையம். எத்தனை நாளாக இருக்கிறதோ. "மன்னிச்சிருங்க மாமா. உங்களைத் திரையில போட்டது நான்தான்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வீட்டுல ரொம்ப அமைதியா இருக்கு. உங்க அத்தை படுத்ததும் பேச ஆரம்பிப்பா. நான் அப்படியே தூங்கிருவேன். பேசுற சத்தம் நின்னா முழிச்சுக்குவேன். இங்க ரொம்ப நேரம் யாருமே நிறுத்தல பாருங்க."

ஐந்து மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு. கழுகு, "சாப்டீங்களா மாமா" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் பாஸ் கேட்டு வாங்கினான். இருக்கை எண்ணை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கொடுத்தான். ஆட்டத்துக்கு முன்னால் கேமராக்காரர்களிடம், "அந்த வரிசைப் பக்கம் யாரும் போகாதீங்க. ஏழு மட்டும் தூரத்துல இருந்தே பிடிச்சுட்டு இருங்க. திரைக்கு இல்ல, எனக்கு" என்றான். யாரும் கேலி செய்யவில்லை.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். முதல் கோல் விழுந்து மைதானமே எழுந்து நின்றபோது கழுகு ஏழாவது குட்டித் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனான். அவர் தலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டதோடு சரி. அதற்குப் பிறகு மற்ற ஒன்பது திரைகளை அவன் பார்த்தானா என்பதே சந்தேகம். ஒரே குழந்தையை ஐந்து தடவை போட்டான். "அந்தக் குழந்தைக்கே அலுத்துப்போச்சுப்பா" என்றார் டைரக்டர் அம்மா.

கூட்டம் கலைந்ததும் இறங்கிப் போனான். மனைவி உதட்டில் விரல் வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். சத்தம் அடங்கிய கொஞ்ச நேரத்தில் மாமனார் தானாகவே கண்ணைத் திறந்தார்.

"யாரு ஜெயிச்சது மாப்பிள்ளை?"

கழுகு யோசித்தான். "தெரியல மாமா. பாக்கல."

"அட, நீங்களும் தூங்கிட்டீங்களா" என்றார் மாமனார்.