ஆணியில் தொங்கிய சுத்தியல்

மொன்டானா மாநிலத்திலேயே வெடிமருந்தின் மனமறிந்த மனிதர் வெர்லின் ஹாகன் ஒருவர்தான். இதை உறுதிபடச் சொன்னவரும் வெர்லின்தான். சொந்தமாகத் தோட்டா செய்யத் தொடங்கி அவருக்கு ஒரே ஒரு குளிர்காலம் ஆகியிருந்தது.

அவரோடு ஆண்டுதோறும் எல்க் மான் வேட்டைக்குப் போகும் சிநேகிதர் ஆரின் வேறு மாதிரி. மருந்தைக் குறைவாகப் போட்டுத் தொடங்கி, சுட்டுப் பார்த்து, துளித்துளியாக ஏற்றுவார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்து மிஞ்சியதைக் காட்டும் சின்னத் தழும்பு தெரிந்தாலும் போதும், மிச்சத் தோட்டாக்களை அதற்கென்றே தலையைக் குடைந்து செய்த ஒரு பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் செருகி, தட்டித் தட்டிக் குண்டு வேறு மருந்து வேறாகப் பிரித்துவிடுவார்.

"மரங்கொத்திக்குச் சொந்தக்காரனாடா நீ?" என்று தன் கராஜில் கூடியிருந்த எல்லார் முன்னாலும் கேட்டார் வெர்லின்.

"பனியில சுட்டுப் பார்த்து மருந்து அளவை உச்சத்துக்கு ஏத்தியிருக்கே. வெயில்ல அது சீறும். கண்ணு போயிடும்டா" என்றார் ஆரின்.

"போடா பயந்தாங்கொள்ளி!"

தொப்பியை எடுத்துக்கொண்டு போன ஆரின் அப்புறம் வரவேயில்லை. அவர் விட்டுப்போன சுத்தியல் கராஜ் ஆணியில் தொங்கியது. அதன் கீழே அவருடைய மடக்கு நாற்காலி. இடத்தை அடைக்கிறது என்று வெர்லின் தினமும் அலுத்துக்கொண்டார். மடித்து மட்டும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் வெயிலில், டிரக்கின் முன்கண்ணாடிக்கடியில் காய்ந்து கிடந்த தோட்டாக்களை எடுத்துச் சுட்டார். துப்பாக்கியைத் திறந்து மூடும் போல்ட் சிக்கியது. தூசி என்றார். அடுத்த முறை உள்ளங்கையால் குத்தித்தான் திறக்க முடிந்தது. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டான பிரைமர் அப்பளமாக நசுங்கியிருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு வட்டத் தழும்பு.

"பித்தளை மட்டம்டா" என்று வழக்கமாக ஆரின் நிற்கும் பக்கம் திரும்பிச் சொன்னார். அங்கே காய்ந்த புல்தான் இருந்தது. அதற்கு மேல் சுட மனம் வரவில்லை.

வீட்டில் மனைவி ஒலீட்டா அந்தக் கூட்டை உருட்டிப் பார்த்தார்.

"இந்தத் தோட்டாக்களையா வேட்டைக்கு எடுத்துட்டுப் போகப்போற?"

"கொஞ்சம் இறுக்கம். அவ்வளவுதான்."

"அவனும் சொன்னான், இதுவும் சொல்லுது. அவன் பயந்தாங்கொள்ளி, இது மட்டமான பித்தளை, நீ மட்டும் மேதை! எச்சரிக்கிறவங்களை எல்லாம் ஏசி விரட்டிட்டா, கடைசியில உனக்குப் புத்தி சொல்ல வெடிச்சத்தம் மட்டும்தான் மிஞ்சும், வெர்லின்."

அவர் கராஜுக்குப் போனார். நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொலைபேசியில் ஆரினின் எண்ணை அழுத்தினார்.

"நான்தான். உன் நாற்காலி இடத்தை அடைச்சுட்டுக் கிடக்கு. வந்து உட்காரு."

மறுமுனை என்ன சொன்னதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் பார்த்துவிடாதபடி கதவைச் சாத்தி, ஆணியிலிருந்த சுத்தியலை எடுத்து, தன் தோட்டாக்களில் ஒன்றை அதற்குள் செருகினார்.

டொக். டொக். டொக்.