அறுபத்தைந்து டிகிரி

எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் குழாய்க்காரருக்குத் தலை வெடித்துவிடும். தீக்காய வார்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், ஐந்தாவது நாளாக உட்கார்ந்திருந்தபோதும் அந்தக் குணம் அவரை விடவில்லை.

உள்ளே அவருடைய அண்ணன் கிடந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வலது பக்கம் உணர்ச்சியில்லை, பேச்சும் இல்லை. வெந்நீர் பட்டு வலது கால் தொடைவரை தோல் உரிந்து போயிருந்தது. இப்போது சீழ் வைத்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தேறுவாரா மாட்டாரா என்று காலை ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அடுப்புல கொதிச்ச தண்ணின்னா கூட மனசு ஒத்துக்கும் தம்பி," என்றாள் அண்ணி. "குழாய்த் தண்ணி எப்படி ஒரு ஆளை இப்படி வேக வைக்கும்?"

மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். அவரும் மூன்றாவது முறையாக ஆரம்பித்தார்.

"நம்ம ஹீட்டர் சின்னது அண்ணி. பாதிக் குளியல்லயே தண்ணி ஆறிப்போகுதுன்னு நீங்க சொன்னீங்கல்ல? அதான் ஐம்பதுல இருந்ததை அறுபத்தைஞ்சுக்குத் திருப்பினேன். சூடு ஏற ஏறப் பச்சைத்தண்ணி அதிகமா கலக்கலாம். சின்னத் தொட்டியே பெரிய தொட்டி மாதிரி வேலை செய்யும்."

தொழில் தெரிந்தவனுக்கு மட்டுமே தோன்றும் யோசனை அது. தெரியாதவன் ஹீட்டர் பக்கமே போயிருக்கமாட்டான்.

"அண்ணனைக் குளிப்பாட்டறப்போ கையில பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன். இதமாத்தான் இருந்துச்சு. நடுவுல வாஷிங் மெஷின் தானா தண்ணி இழுத்துச்சு. இழுத்தது பச்சைத்தண்ணிக் குழாய்ல. அங்க வேகம் குறைஞ்சதும் ஷவர்ல வந்தது முக்கால்வாசி வெந்நீர். தொட்டி ஐம்பதுல இருந்திருந்தா, எவ்வளவு மோசமானாலும் ஐம்பதுக்கு மேல வராது. தோல் வேக நிமிஷக்கணக்காகும், அதுக்குள்ள சுதாரிச்சுக்கலாம். அறுபதுன்னா அஞ்சு விநாடி. அறுபத்தைஞ்சுன்னா ரெண்டே விநாடி. வயசான தோலுக்கு அதுகூட வேண்டாம்."

"அதைத் தடுக்க எதுவும் கிடையாதா?"

"இருக்கு. கலக்குற வால்வு. பச்சைத்தண்ணி குறைஞ்சா வெந்நீரையும் தானே அடைச்சுடும். உள்ள மெழுகு வச்ச சின்னக் குப்பி இருக்கும் அண்ணி, சூடு பட்டா மெழுகு உப்பும், அது..."

குரலில் ஆர்வம் ஏறுவது அவருக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார். ஊரில் பாதி வீட்டுக்கு அந்த வால்வை மாட்டிக் கொடுத்தவர் அவர். சொந்த வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்று விட்டுவைத்திருந்தார்.

அப்போது போன் அடித்தது. ஒரு வாடிக்கையாளர்.

"அண்ணே, வெந்நீர் வெதுவெதுன்னுதான் வருது. வந்து கொஞ்சம் ஏத்திவிடுங்க."

"ஏத்த வேண்டாங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்குல்ல? தொட்டியில குறைச்சாலும் தப்பு, கிருமி வளரும். தொட்டி அறுபதுல இருக்கட்டும், குழாய்க்கு முன்னாடி வால்வு போட்டு..."

"நீங்க குழாய்க்காரரா, வாத்தியாரா? ஒரு திருகைத் திருப்ப இவ்வளவு பாடமா?"

"தொட்டு ரெண்டு விநாடியில..."

"சரி விடுங்க, நானே திருப்பிக்கறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். காகிதத்தைப் பார்க்காமலே பேசினார். சிறுநீரகம் நின்றுவிட்டது, காலை வெட்டி எடுத்தாலும் பயனில்லை, மயக்க மருந்தையே தாங்கமாட்டார். "இன்னைக்கு ராத்திரி தாண்டுறது கஷ்டம். வலியில்லாம பார்த்துக்கறோம். கூட இருங்க."

டாக்டரம்மா போனபிறகு அண்ணி வெகுநேரம் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம்தான் உணர்ச்சியே இல்லையே. அப்ப தண்ணி பட்டப்ப அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது, இல்ல தம்பி?"

தெரிஞ்சிருக்காது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவரும் அதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"இடது கையால நாற்காலியைத் தட்டினாரு அண்ணி," என்றார். "ஆவி பட்டிருக்கும். இல்ல, இடது கால்ல தெறிச்சிருக்கும். தட்டிக்கிட்டே இருந்தாரு. ஷவரை அவர் கால் மேல விட்டுட்டு நான் பாடிக்கிட்டே முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கிட்டு இருந்தேன். என் பாட்டுக்குத் தாளம் போடறாருன்னு நெனச்சு... இன்னும் சத்தமாப் பாடினேன்."

அண்ணி எழுந்தாள். வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருவரில் ஒருவருக்குத்தான் உள்ளே அனுமதி என்று நர்ஸ் வந்து சொன்னாள். குழாய்க்காரர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.