கோணல் மூக்கும் வரட்டும்

பாடாங் மேஹா தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில் புஷ்பவள்ளிக்குக் 'கண்ணாடிக்காரி' என்றே பெயர். பொழுது விடிந்தால் கண்ணாடி, சாய்ந்தால் கண்ணாடி. மூக்கு இடப்பக்கம் கோணிக்கொண்டு போகிறதாம். அப்படி ஒரு கோணலும் இல்லை, லயமே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யும். அவள்தான் நம்பமாட்டாள். கோயிலுக்கு வருவதை விட்டாள். யாராவது எதிரே வந்தால் கை தானாக மூக்குக்குப் போய்விடும்.

பக்கத்து வீட்டு ராக்காயிக்கு இது வெறும் மினுக்கு என்றே பட்டது. தோட்டமே மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைத் தைத்து உடுத்தி ஜப்பான்காரன் காலத்தை ஓட்டுகிறது, இவளுக்கு மூக்குதான் பெரிய கவலையா!

வெள்ளிக்கிழமை ராக்காயிக்குக் கல்யாணம். ஜப்பான் சிப்பாய்கள் தூக்கிப் போய்விடுவார்கள் என்று குமரிகளை வீட்டில் வைத்திருக்கப் பயந்து அவசர அவசரமாக முடிக்கிற கல்யாணங்களில் அதுவும் ஒன்று. தோழியாகப் பக்கத்தில் நிற்க அவளுக்குப் புஷ்பவள்ளி வேண்டும்.

"அத்தனை பேரு பாப்பாங்க, நான் வரமாட்டேன்" என்று புஷ்பவள்ளி ஒரே பிடியாக நின்றாள். ராக்காயிக்கு அழுகையே வந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவள் இல்லாமல் என்ன கல்யாணம்?

புதன்கிழமை ஜப்பான்காரன் லோரி லயத்துக்குள் நுழைந்தது. வழக்கம்போலக் குமரிகள் அடுப்படிக்கு ஓடி, சட்டிக்கரியை வழித்து முகமெல்லாம் அப்பிக்கொண்டார்கள். ராக்காயி எட்டிப் பார்த்தால், புஷ்பவள்ளி கழுவின முகத்தோடு வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள்!

"அடிப்பாவி, கரி பூசலையா?"

"எனக்கு எதுக்குடி? இந்த மூஞ்சிய எவன் பாப்பான்?"

அவள் விளையாடவில்லை. ராக்காயி அவளை உள்ளே இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் கரியை அப்பினாள். லோரி நல்ல வேளையாகக் கோழிகளோடு திருப்திப்பட்டுக் கிளம்பிப் போயிற்று. ராக்காயி கரிக்கையோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த மினுக்கியாவது உயிரைப் பணயம் வைப்பாளா? நம் கண்ணுக்குப் படாத கோணல் இவள் கண்ணுக்கு நிஜமாகவே தெரிகிறது. அதைப் பொய் பொய் என்று சொல்லியே இவளை ஒண்டியாக விட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"சரிடி, உனக்குக் கோணலாத்தான் தெரியுது. இனிமே நான் மல்லுக்கு வரல. அந்தக் கோணல் மூக்கையும் கூட்டிக்கிட்டே கல்யாணத்துக்கு வா."

புஷ்பவள்ளி சந்தேகமாகப் பார்த்தாள். "மூக்கு நல்லாத்தான இருக்குன்னு ஆரம்பிக்கமாட்டியே?"

"மூச்சு விடமாட்டேன்."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள். மேளத்துக்குப் பதில் லயத்துப் பெரியவர் அய்யாவு தகர டின்னைத் தட்டினார். மாப்பிள்ளை இருளப்பன் சாக்குச் சட்டைக்குள் சொறிந்துகொண்டே தாலியை எடுத்தான். அந்த நேரம் பார்த்துப் புஷ்பவள்ளியின் கை மூக்குக்குப் போயிற்று.

"எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி."

"இன்னிக்கு ஒருநாளாவது என்னையப் பாக்கட்டும் விடுடி! கல்யாணப் பொண்ணு நான்லா!"

புஷ்பவள்ளி கொல்லென்று சிரித்துவிட்டாள். இருளப்பன் தன் சட்டையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அசடு வழிந்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் ராக்காயியின் காதோரம் குனிந்தாள். "கோணல் அப்படியேதான்டி இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் ராக்காயி.

மூன்று முடிச்சும் விழுகிறவரை புஷ்பவள்ளி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.