ஹலினாவின் தம்பிக்குக் கல்வெட்டு

மூன்றாவது பாட்டை வாசித்து முடித்தபோதும் மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பும் சாக்கில் சிவமலர் நிமிர்ந்து பார்த்தாள். லண்டன் ரெய்னர்ஸ் லேன் தமிழ்ச் சனம் கைகட்டித் தலைகுனிந்து, கண் கலங்கி, செத்தவீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஹலினா மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹலினா பக்கத்து வீட்டுக்காரி, உக்ரேன்காரி. போர்முனையில் செத்துப்போன அவளுடைய தம்பி பள்ளி ஆசிரியர். இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு கேலிக் காவியத்தை வருடாவருடம் வகுப்பில் நடத்துவானாம். நகரம் எரிந்து கடலில் அலைகிற பழங்கால வீரர்களைக் உக்ரேன் நாட்டுக் குடிகாரக் கொசாக் குதிரைக்காரர்களாக்கி, சந்தைப் பேச்சிலேயே பாடிய காவியம். அந்தப் பேச்சு புத்தகத்துக்கு ஆகாது என்று பெரிய மனிதர்கள் நினைத்திருந்த காலம் அது. சனங்கள் சிரித்துச் சிரித்துத்தான் அதைப் புத்தகத்தில் ஏற்றினார்கள் என்பாள் ஹலினா. தம்பியின் ஆண்டு நினைவில் கொஞ்சம் தமிழிலும் வாசிக்க ஏலுமா என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

சிவமலர் இங்கிலிஷ் பிரதியோடு இரண்டு மாதம் மாய்ந்தாள். செத்தவனுக்கு என்றதும் அவளுக்குக் கை வேறு பக்கம் போகவில்லை. ஊரில் செத்தவர் பேரில் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் பாடல் மாதிரியே, எதுகை மோனையோடு, கண்ணீரும் கம்பலையுமாகக் கட்டி முடித்தாள். கணவர் சிவானந்தன் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஹலினா எழுந்து வந்து மெதுவாக இங்கிலிஷில் கேட்டாள்.

"இந்த இடத்தைத் தம்பியால் வாசிக்கவே முடியாது, அவ்வளவு சிரிப்பான். இவர்கள் ஏன் அழுகிறார்கள்?"

சிவமலருக்கு முகம் கறுத்துப்போனது. நல்லது செய்யப் போய் அந்த மனிதனை இரண்டாம் தரம் புதைத்துவிட்டோமே என்று அவளுக்குப் பட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற பேச்சில் திரும்பவும் தொடங்கினாள்.

"ஊர் எரியுது. எங்கட வீரர் வள்ளத்தில ஏறிட்டார். மனிசி எங்கையெண்டு கேட்டா, தெரியாது. சாராயப் போத்தல் மட்டும் கமக்கட்டுக்குள்ள இடுக்கினபடி பத்திரமா இருக்கு."

முதலில் சிரித்தது சிவானந்தன். அவரும் ஒருநாள் வள்ளத்தில் ஏறித் தப்பியவர்தான். அதைப் பற்றி முப்பது வருடமாக வாயே திறக்காதவர்.

"நானும் அப்பிடித்தான். சேட்டிபிக்கற்றை விட்டிட்டு றேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடினனான்" என்றார்.

மண்டபம் குலுங்கியது. சிரித்துக் களைத்தவர்கள் பிறகு என்ன நடந்தது, கரை சேர்ந்தார்களா என்று கேட்டார்கள். சிவமலர் எழுதியது அவ்வளவுதான். அவள் ஹலினாவைப் பார்த்தாள்.

ஹலினா பையிலிருந்து தம்பியின் புத்தகத்தை எடுத்து விரித்தாள். பிள்ளைகள் சிரிக்கிற இடங்களிலெல்லாம் அவன் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். அடுத்த புள்ளியில் விரலை வைத்து, சிவமலர் தமிழில் சொல்வதற்காக அந்த இடத்தை இங்கிலிஷில் சொல்லத் தொடங்கினாள்.